கதவுக்கும் காற்றுக்கும் நடுவில்

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். போன வாரமும் அதுதான் நடந்தது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் காகிதத்தைக் கிழிக்கிற வளர்ப்பு நம் இருவருக்கும் இல்லை. அதனால் எழுதுகிறேன், முழுசாகப் படி.

நீ எழுதிய ஒரே நாவலை, கவிதையாக எழுதிய நாவலை, உரைநடையாக மாற்றித் தருவதாக பள்ளிகளுக்கான நூல் தேர்வுக் குழுவிடம் ஒப்புக்கொண்டேன் என்று சாதாரணமாகச் சொல்கிறாய். பால் வாங்கி வைத்தேன் என்று சொல்கிற குரலில் சொன்னாய். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எட்டாம் வகுப்பு 'இ' பிரிவு என்றால் இந்தப் பள்ளியில் என்னவென்று உனக்குத் தெரியாது. 'அ'வில் ஒட்டாதவர்கள் 'ஆ'வுக்குப் போவார்கள், அங்கேயும் ஒட்டாதவர்கள் என்னிடம் வருவார்கள். வகுப்பறை மாடிப்படிக்குக் கீழே. பக்கத்திலேயே தண்ணீர் மோட்டார். அது ஓடும்போது நாங்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். பாடப் புத்தகத்தைத் திறந்தால் பக்கம் முழுக்க எழுத்து அடைத்துக்கொண்டு நிற்கும். பார்த்த மாத்திரத்தில் பாதிப் பேருக்குத் தாகம் எடுக்கும், மீதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும்.

உன் புத்தகத்தின் முதல் பக்கத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ஏழு வரி, சுற்றிலும் வெறும் பலகை. வாய் ஓயாமல் பேசுவதால் 'ரேடியோ' என்று பேர் வாங்கிய பையன் ஒருவன் இருக்கிறான். அவன் எழுந்து, "இவ்ளோதானா சார்? இத நானே படிச்சிடுவேனே" என்றான். படித்தான். ஒரு பக்கத்தை அவன் முழுதாகப் படித்து முடித்தது அன்றைக்குத்தான். மறுநாள் வாசலிலேயே என்னை மறித்துக்கொண்டார்கள். கதையில் வருகிற பெண்ணின் அப்பா ஓட்டிப்போன லாரி திரும்பி வந்ததா இல்லையா என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். சொல்லவில்லை. தினம் ஒரு பக்கம் என்று வைத்திருக்கிறேன். பாதி வரை வந்திருக்கிறோம்.

தலைமையாசிரியை ஒரு நாள் கதவோரம் நின்று பலகையைப் பார்த்தார். "செய்யுள்னா பதவுரை, பொழிப்புரை எழுத வைங்க. இது செய்யுளும் இல்ல, கதையும் இல்ல. யார்கிட்டயோ காகிதம் மிச்சம் இருந்திருக்கு, அவ்வளவுதான்" என்றார். நான் சண்டைக்குப் போகவில்லை. சண்டையை உனக்காகச் சேர்த்து வைத்திருந்தேன்.

அந்த வெற்றிடம்தான் அக்கா இவர்களை உள்ளே விட்டது. அதை நீயே அடைத்துக் கொடுக்காதே.

தம்பி


ஜூலை 15

தம்பிக்கு,

முழுசாகப் படித்தேன். இரண்டு முறை. இப்போது நீயும் படி.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உன் நண்பர்களிடம் நீ சொல்வதில்லை, எனக்குத் தெரியும். மருந்துப் பெட்டிக்குள் பொடியாக மடித்து வைத்திருப்பார்களே ஒரு தாள், அதை எழுதுகிறேன். தலைசுற்றல் வரலாம், வாய் உலரலாம், வண்டி ஓட்டாதீர்கள். என் எழுத்து எல்லா வீட்டுக்குள்ளும் போகிறது, ஒருவரும் அதைப் பிரிப்பதில்லை. முதலில் குப்பைக்குப் போவது அதுதான்.

நாவலுக்கும் அதே கதிதான். விற்காத பிரதிகளைப் பதிப்பாளர் காகிதக் கூழுக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டுத்தான் எனக்குச் சொன்னார். உலகத்தில் மிச்சம் இருப்பது என்னிடம் ஒன்று, உன்னிடம் ஒன்று. பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு குழு என்னைக் கூப்பிட்டு, "கதை நல்லா இருக்கும்மா, ஆனா வரிய மடக்கி மடக்கிப் போட்டா பிள்ளைங்க குழம்பிடுவாங்க. நேரா எழுதிக் குடுங்க, எல்லா ஸ்கூலுக்கும் அனுப்பிடறோம்" என்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்? மடித்தே வைத்திருக்க வேண்டுமா?

உனக்கென்ன, கொள்கை பேசலாம். அட்டையில் உன் பேர் இல்லை.

இத்துடன் உரைநடையின் மாதிரித் தாள்களை, குழு அச்சடித்துக் கொடுத்ததை, அனுப்பியிருக்கிறேன். எல்லாம் நாவலின் பின்பாதி, உன் பிள்ளைகள் இன்னும் பார்க்காத பகுதி. அதனால் நேர்மையான சோதனையாக இருக்கும். படிக்கக் கொடு. புரிந்தது என்று ஒரு வரி எழுதி, ஆசிரியர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, உங்கள் தலைமையாசிரியை வழியாகக் குழுவுக்கு அனுப்பிவிடு. உன் கையெழுத்து இருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும். வேறு யாரிடம் கேட்பேன்?

உன் பிள்ளைகளே சொல்லட்டும், நீ வாயைத் திறக்காமல் இரு.

அக்கா


ஆகஸ்ட் 2

அக்காவுக்கு,

சத்தியமாக வாயைத் திறக்கவில்லை. தாளை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு மேஜையில் உட்கார்ந்தேன். மோட்டார்கூட ஓடவில்லை.

கொஞ்ச நேரத்தில் ரேடியோ எழுந்தான். "சார், இது அந்தக் கதைதான். ஆனா யாரோ நடுவுல நடுவுல பேசறாங்க" என்றான். யாரென்று கேட்டேன். "தெரியல சார். ஆகவே ஆகவேன்னு ஒருத்தர் வந்துட்டே இருக்காரு" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்த ஆள் நீ என்பதால்.

பின்வரிசைச் சுவரோரம் ஒரு பெண் உட்கார்வாள். சேர்ந்த நாளிலிருந்து அவள் குரலை நான் கேட்டதில்லை. வருகைப் பதிவுக்குக் கையை மட்டும் தூக்குவாள். பிள்ளைகள் அவளை 'மியூட்டு' என்று கூப்பிடுகிறார்கள். கண்டித்தும் பார்த்துவிட்டேன், ஒட்டிக்கொண்டது. அவள்தான் பென்சிலை எடுத்தாள். படிக்கும்போது உதடு அசைந்துகொண்டிருந்தது. மூச்சு நின்ற இடத்தில் ஒரு சாய்கோடு போட்டாள், தேவையில்லை என்று பட்ட சொல்லை அடித்தாள். பக்கத்துப் பெண் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க இல்லடி, அடுத்த வார்த்தைக்கு அப்புறம்" என்றாள். அவ்வளவுதான், நெருப்புப் பிடித்த மாதிரி வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. ஒரு கோட்டுக்காக இரண்டு பேர் முடியைப் பிடித்துக்கொள்ளப் போனார்கள். ஒவ்வொருவரும் தன் பக்கத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டித்தான் தன் கோட்டைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. வாரம் முழுக்க இதே ரகளை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் இவர்கள், ஞாபகம் வைத்துக்கொள்.

நான் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. பத்திரிகையில் பிழை திருத்துகிற அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்த தாள்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அச்சாகி வந்த மாதிரித் தாள் என்றால் அதில் எழுதத்தானே வேண்டும்?

நேற்று முடித்தார்கள். ராத்திரி உன் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். அவர்கள் அடித்த சொற்களெல்லாம் ஏறக்குறைய நீ புதிதாகச் சேர்த்த சொற்கள்தான். கோடுகளும் பெரும்பாலும் உன் வரிகள் முடிகிற இடத்திலேயே விழுந்திருக்கின்றன. இந்தப் பாதியின் மூலத்தை அவர்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு இடத்தில் உன்னோடு ஒத்துப்போகவில்லை. கடைசிப் பக்கம். கதவு தட்டுகிற சத்தம் கேட்டு, கதையின் பெண் ஓடுகிற இடம். உன் உரைநடை: "கதவைத் திறந்தேன். ஆனால் அங்கே காற்றைத் தவிர வேறு எவரும் இல்லை என்பதை உணர்ந்தேன்." மியூட்டு மூன்றே சொல்லை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அடித்திருக்கிறாள். 'திறந்தேன்' என்பதற்கும் 'காற்று' என்பதற்கும் நடுவில் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகக் கோடு போட்டிருக்கிறாள்.

ஏன் இத்தனை என்று கேட்டேன். பதில் வராது என்று நினைத்துத்தான் கேட்டேன். "திறந்த உடனே தெரியாது சார்" என்றாள். "கொஞ்ச நேரம் பாத்துட்டு நிக்கணும். அப்புறம்தான் ஆள் வரலன்னு தெரியும்."

அவள் வீட்டில் யார் வரவில்லை என்று நான் கேட்கவில்லை.

தாள்களைத் தலைமையாசிரியையிடம் கொடுத்துவிட்டேன். 'புரிந்தது' என்று எழுதவில்லை. 'பிள்ளைகள் திருத்தியிருக்கிறார்கள், பார்க்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தம்பி


ஆகஸ்ட் 11

டேய்,

உனக்கு மூளை இருக்கிறதா? அது அப்பா கொண்டுவந்த தாள் இல்லை, குழுவின் தாள். முத்திரை குத்தியிருந்ததே, கண் தெரியவில்லையா? சுத்தமாகத் திரும்பி வர வேண்டியது. நம் வீட்டில் வளர்ந்தவனைத் தவிர வேறு எவனும் அதில் பென்சிலை வைத்திருக்க மாட்டான்.

உங்கள் தலைமையாசிரியை தாள்களோடு ஒரு புகாரையும் இணைத்து அனுப்பியிருக்கிறார். குழுத் தலைவர் எனக்குப் போன் செய்தார். என் தம்பிதான் அந்த வாத்தியார் என்று தெரிந்ததும் அவர் குரலே மாறிவிட்டது. நானே சொல்லிக்கொடுத்துச் செய்ய வைத்தேன் என்று நினைக்கிறார். "உங்களுக்கு விருப்பமில்லன்னா நேரா சொல்லியிருக்கலாமேம்மா, பிள்ளைங்கள வெச்சு எதுக்கு" என்று கேட்டார். ஆபீசில் எல்லோர் முன்னாலும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தாள்களை உன்னிடமே திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளை உட்கார வைத்து எல்லாக் கோட்டையும் அழிக்கச் சொல். கூடவே வருத்தம் தெரிவித்து நீ நாலு வரி எழுதிக் கொடு. அதோடு முடிந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்காக இதைச் செய். நான் உன்னிடம் அதிகம் கேட்டதில்லை.

அக்கா

கடிதத்தை ஒட்டப் போகும்போது இதை எழுதுகிறேன். என் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். "கதவைத் திறந்தேன், காற்று" என்று ஒரே வரியில் வைத்திருக்கிறேன். நடுவில் ஒன்றுமே இல்லை. ஏன் அப்படி அவசரப்பட்டேன் என்று தெரியவில்லை. அந்தக் கோடுகளைப் போட்ட பெண்ணுக்கு என்ன வயது?


ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

பதின்மூன்று.

நீ சொன்னபடியே கேட்டேன். தாள்களை வைத்துவிட்டு, எல்லோரும் அழிப்பானை எடுங்கள் என்றேன். ஒருவரும் எடுக்கவில்லை. யாரிடமும் அழிப்பான் இல்லையாம். காலையில் கணக்குப் பாடத்தில் எல்லோரிடமும் இருந்தது. ரேடியோ எழுந்து, மரியாதையாகத்தான் சொன்னான்: "சார், தப்பா இருந்தா அழிக்கலாம். எது தப்புன்னு காட்டுங்க, அழிக்கறோம்." எனக்குக் காட்டத் தெரியவில்லை.

அதையே தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். விளைவு இது. தமிழுக்கான இரண்டாவது பாடவேளை இனி கையெழுத்துப் பயிற்சி. ஆண்டு விழாவில் நாங்கள் நாவலிலிருந்து வாசிப்பதாக இருந்ததும் ரத்து. உன் புத்தகத்தை என் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்த் தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே, "மன்னிப்புக் கடிதத்தக் குடுத்துட்டு வாங்கிக்குங்க" என்றார்.

கொடுக்க மாட்டேன் அக்கா. வேலை போகும் என்றால் போகட்டும் என்று வசனம் பேசவில்லை, போனால் கஷ்டம்தான். மகளுக்கு இப்போதுதான் ஸ்கூல் மாற்றியிருக்கிறோம். உன் தம்பி மனைவி இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. இருந்தும் முடியாது. படிக்கத் தெரியாது என்று முத்திரை குத்தி ஒதுக்கிய பிள்ளைகள், ஒரு எழுத்தாளரின் தாளைக் கையில் வாங்கி, இது சரியில்லை, இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு வருத்தம் தெரிவித்து நான் நாலு வரி எழுதினால், மறுபடி ஒரு தாளை எந்த முகத்தோடு அவர்களிடம் நீட்டுவேன்?

உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும். கேட்டால் கோபம் வரும், வரட்டும். அந்த நாவலை எழுதியபோது எந்தக் குழுவைக் கேட்டு எழுதினாய்? அடுக்களையில் நின்றுகொண்டு, அடுப்பில் இருப்பதைத் தீய விட்டு, எனக்கு வாசித்துக் காட்டினாயே. வரி முடிகிற இடத்திலெல்லாம் கரண்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பாய், நான் பேசினால் அடிப்பாய். அந்த அக்காவைத்தான் நான் என் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். எல்லா ஸ்கூலுக்கும் போகப்போவது யார்?

அழிக்காத தாள்களை உனக்கே அனுப்புகிறேன். குழுவிடம் நீயே கொடு. அழிக்க வேண்டும் என்றால் நீயே அழி.

தம்பி


செப்டம்பர் 9

தம்பிக்கு,

பத்து நாள் பேசாமல் இருந்தேன். கோபம்தான். கரண்டியை எழுதியிருக்க வேண்டாம் நீ.

அழிப்பானை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததும் உண்மை. முதல் தாளில் முதல் கோடு. அழிப்பதற்கு முன்னால் அந்தக் கோட்டில் நிறுத்திப் படித்துப் பார்க்கலாமே என்று வாய்விட்டுப் படித்தேன். அடுத்ததையும் படித்தேன். கடைசித் தாள் வரை வந்துவிட்டேன், அழிப்பான் கையிலேயே இருந்தது. மியூட்டின் கோடுகளுக்கு வந்ததும் நின்றேன். எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்று அவளிடம் கேட்கத் தோன்றியது. அழுதேன். நான் எழுதியதற்கு நானே அழுவது வெட்கக்கேடு, யாரிடமும் சொல்லாதே.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுக் குழுவுக்குப் போனேன். நீளமான மேஜை, எல்லோர் முன்னாலும் தண்ணீர் பாட்டில், ஒருவர் மட்டும் தூக்கக் கலக்கத்தில் இருந்தார். தாள்களைப் பரப்பி வைத்தேன். "அழிச்சுக் கொண்டு வரலையா?" என்றார் தலைவர். "இல்லீங்க. இதுதான் சரியான பிரதி, இத அச்சடிங்க" என்றேன். அவர் நல்ல மனிதர்தான், பொறுமையாகவே பேசினார். "பிள்ளைங்களுக்குக் கவிதை எல்லாம் புரியாதும்மா" என்றார். "குழம்பிடுவாங்கன்னு சொன்னீங்க, குழம்பல. புரியாதுங்கறீங்க, என்னைத் திருத்தியே அனுப்பியிருக்காங்க. நீங்க யாராவது என்னைத் திருத்துனீங்களா?" என்று கேட்டேன். தூங்கியவர் விழித்துக்கொண்டார்.

ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் படிக்க விடுங்கள் என்றேன். நேரமில்லை என்றார்கள். நேரமில்லாதவர்கள் முடிவு செய்ய வேண்டாம் என்று என் ஒப்புதலைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உரைநடை வராது. எல்லாப் பள்ளிக்கும் போகாது. எங்கும் போகாது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது திரும்பிப் போய் ஒப்புக்கொண்டுவிடலாமா என்று வாசலை இரண்டு முறை பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். எனக்கு வேறு புத்தகம் இல்லை, இனி எழுதுவேனா என்றும் தெரியாது. ஆனால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் என்ன செய்தேன் தெரியுமா? பையிலிருந்த என் ஒரே பிரதியை எடுத்து, கடைசிப் பக்கத்தில், அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் கோடு போட்டேன். பேனாவில்.

ஆண்டு விழாவுக்கு வரச் சொல்வாய். வர முடியாது. புது மருந்து ஒன்று வருகிறது, தாள் எழுதி முடிக்கும் வரை யாருக்கும் லீவு இல்லை. என் பிரதியைத் தபாலில் அனுப்புகிறேன். அந்தப் பெண்ணிடம் கொடு. பத்திரமாக வைத்துக்கொள் என்றெல்லாம் சொல்லாதே, அவள் இஷ்டப்படி எழுதட்டும்.

மன்னிப்புக் கடிதத்தை மட்டும் எழுதிவிடாதே. எழுதினால் உன்னோடு பேச மாட்டேன்.

அக்கா


செப்டம்பர் 30

அக்காவுக்கு,

எழுதவில்லை. இனிமேலும் எழுதப் போவதில்லை. உன் பிரதி வந்தது, மியூட்டிடம் கொடுத்துவிட்டேன். என் பிரதி இன்னும் தலைமையாசிரியை அலமாரியில்தான் இருக்கிறது. அதைக் கேட்பதையும் விட்டுவிட்டேன், ஏன் என்று கடைசியில் உனக்கே புரியும்.

நேற்று ஆண்டு விழா. நாங்கள் வாசிப்பது ரத்து என்று சொன்னேன் அல்லவா, அதற்குப் பதிலாக எங்களுக்கு நன்றியுரையைக் கொடுத்திருந்தார்கள். பெற்றோர்கள் பையைத் தேடிக்கொண்டிருக்கிற நேரத்தில், யாரும் காதில் வாங்காத நேரத்தில் வருவது அது. ரேடியோவை மட்டும் மேடைக்கு அனுப்பச் சொன்னார்கள். அவன் போய், வந்தவர்களுக்கு நன்றி, மைக் போட்டவருக்கு நன்றி, நாற்காலி தூக்கியவர்களுக்கு நன்றி என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தான். கடைசியில், "எங்களுக்கு ஒரு கதை குடுத்தவங்க இன்னிக்கு வரல. அவங்களுக்கு நாங்க எல்லாருமா நன்றி சொல்லணும்" என்றான். 'இ' பிரிவு முழுக்க எழுந்து மேடைக்குப் போனது.

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குத் தெரியாது என்று சொன்னால் நம்ப மாட்டாய், ஆனால் தெரியாது. கையில் தாள் இல்லை, புத்தகம் இல்லை. கோட்டுக்காகச் சண்டை போட்டுப் போட்டு ஆளுக்கொரு பக்கம் மனதில் ஏறியிருக்கிறது. பலகையில் நான் எழுதி நிறுத்திய பக்கத்திலிருந்து வரிசையாக ஆரம்பித்தார்கள். ஒருவர் சொல்லி முடித்துப் பின்னால் நகர அடுத்தவர் முன்னால் வந்தார். பை தேடியவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். என் பின்னால் ஒரு அப்பா, தன் மகன் சொல்லி முடித்ததும், "இவனுக்குப் படிக்க வராதுன்னாங்களே" என்றார், கொஞ்சம் கோபமாகவே.

தலைமையாசிரியை திரையோரம் நின்றார். மைக்கை அணைக்கச் சொல்வார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏனோ சொல்லவில்லை.

கடைசியாக மியூட்டு வந்தாள். குரல் எப்படியிருக்கும் என்று வகுப்பில் பாதிப் பேருக்கே தெரியாது. கட்டையான குரல், நடுங்கவில்லை. தட்டுகிற சத்தம், ஓடுவது, தாழ்ப்பாள். "கதவைத் திறந்தேன்" என்றாள். நிறுத்தினாள்.

நிறுத்தியவள் தொடரவே இல்லை. யாரையும் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். மறந்துவிட்டாள் பாவம் என்று என் பக்கத்தில் ஒரு அம்மா சொன்னார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, எழுந்திருக்கப் பார்த்தேன். அதற்குள் திரையோரத்திலிருந்து ஒரு குரல், பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்கிற தாழ்ந்த குரலில், "காற்று" என்றது.

தலைமையாசிரியை.

மியூட்டு தலையைக்கூடத் திருப்பவில்லை. "தெரியும் மிஸ்" என்றாள், மைக்கிலேயே. "இன்னும் கதவத்தான் பாத்துட்டிருக்கேன்."

அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு அவரும் நாங்களும், அந்தக் கூடத்தில் இருந்த எல்லோரும், அவள் பார்த்த பக்கமே பார்த்துக்கொண்டு காத்திருந்தோம்.

தம்பி